தடையா, பதிவா: நியூசிலாந்தும் ஜேர்மனியும்

திருகோணமலையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் குடும்பங்களுக்கு, வீசா பறிபோய்விடுமோ என்ற அச்சம் புதிதன்று. பாலியல் தொழில் சட்டபூர்வமாக உள்ள நாடுகளில் அந்த அச்சம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு வழிகளை ஒப்பிடலாம்.

நியூசிலாந்து 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தொழிலைக் குற்றமற்றதாக்கியது. ஆயினும் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, தற்காலிக வீசாவில் இருப்போர் அதில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. ஆட்கடத்தலைத் தடுப்பதே நோக்கம் எனினும், குடிவரவுச் சோதனை இறுகும்போது, கூலியைப் பிடித்துக்கொண்ட முதலாளிமீதோ அடித்த வாடிக்கையாளர்மீதோ பொலிசில் முறையிடும் பெண், நாடுகடத்தலுக்குத் தன்னையே காட்டிக்கொடுத்தவளாகிறாள். வற்புறுத்துவோரைத் தண்டிக்கும் பிரிவும் அச்சட்டத்தில் உண்டு. அதை நாடிச் செல்லும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வரும்?

ஜேர்மனியில் 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பேசிய கூலியை நீதிமன்றத்தில் கோரும் உரிமையை அளித்தது. 2017 முதல் பதிவு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தவர் பதிவுசெய்து வேலை செய்யலாம். ஏனையோர் தொழில் செய்வதற்கான அனுமதியைக் காட்டவேண்டும். சான்றிதழைப் புனைபெயரிலும் பெறலாம் என்பது, ஊர்வாய்க்கு அஞ்சுவோருக்குச் சிறிய விடயமன்று.

எனக்கு ஜேர்மனிய வழியே சற்று மேலாகத் தோன்றுகிறது. தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்பதற்காக மட்டும் அது ஒருவருக்குக் கதவை மூடுவதில்லை. ஆனால் அனுமதி இல்லாத பெண்ணின் நிலை, சோதனை நடக்கும் இரவில், இரு நாடுகளிலும் ஒன்றேதான்.