பால்வாடி சத்துமாவு பாக்கெட்: மூன்றாம் மாதத்திலிருந்து சாப்பிட்ட அனுபவம்

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பிணிகளுக்கென்று விற்கிற பவுடர் டப்பாதான் வாங்கினோம். பெயர் வேண்டாம். மசக்கை நேரத்தில் அந்த வெனிலா வாசனையே குமட்டும், விலையும் அதிகம், பாதி டப்பா அப்படியே கட்டிபிடித்துப் போனது. இரண்டாவது முறை, பேர் பதியப் போன அன்றே நர்ஸம்மா "பால்வாடியில சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த சத்துமாவு. இலவசம்தானே, எப்படி இருக்கப் போகிறது என்று அக்கம்பக்கத்தில் நிறைய பேர் பாக்கெட்டை வாங்கி மாட்டுக்குக் கரைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மாவு. வறுத்த கோதுமை, கடலைப்பருப்பு, முளைகட்டிய கேழ்வரகு, வெல்லம், கூடவே வைட்டமின், தாது உப்புக்கள். பிரித்தவுடன் வறுத்த மாவு வாசனை நன்றாக வரும். முளைகட்டுவது சும்மா பேருக்கு இல்லை, தானியத்தில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் அதில் குறையும். பால்வாடி தருகிற உணவிலிருந்து மட்டும் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது, பால்வாடிகளை நடத்துகிற ஐ.சி.டி.எஸ். என்ற அரசுத் திட்டத்தின் கணக்கு. 1975-இல் தொடங்கிய திட்டம் அது, எங்கள் அம்மா காலத்திலும் பால்வாடி மாவு உண்டு.

கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகி, உள்ளே பச்சையாக மாவு நிற்கும், ஒரு வாய் பட்டாலே வெறுத்துவிடும். பச்சைத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, அதைக் கொதிநீரில் ஊற்றி, அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிஷம் கிண்ட வேண்டும். மேலே பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது உருண்டைதான்: வாணலியில் மாவை லேசாக சூடு காட்டி, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட்டு, ரெண்டு ஸ்பூன் நெய் விட்டுச் சூட்டோடு பிடிக்கணும். சாயங்காலம் பசி வந்து கை நடுங்கும் பாருங்கள், அந்த நேரத்துக்கு ஒரு உருண்டை போதும். சர்க்கரை தனியாகச் சேர்க்கவே வேண்டாம், வெல்லமே தூக்கலாக இருக்கும்.

அந்த வெல்லம்தான் எனக்கு இடைஞ்சலானது. ஆறாம் மாதம் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், 148 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரை. (வெறும் வயிறா, சாப்பிட்டீர்களா என்று பார்க்காமல் ஒரே தடவையில் செய்கிற இந்த சோதனை முறைக்குப் பின்னால் இருந்தவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. எங்களை மாதிரி பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா!) டாக்டரம்மா மாவை நிறுத்தச் சொல்லிவிட்டு சுண்டல், முட்டை, மத்தி மீன், கீரை என்று மாற்றினார். தாய்க்கு சர்க்கரை ஏறினால் அது குழந்தைக்கும் போய், குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கும், பிறந்ததும் அதற்கு சர்க்கரை சட்டென்று இறங்கும். எனவே சர்க்கரை இருக்கிறவர்கள் கேட்காமல் இந்த மாவைத் தொடாதீர்கள். பாக்கெட் வாங்கும்போது இதை எனக்கு யாருமே சொல்லவில்லை, அதுதான் வருத்தம். இன்னொன்று, ஒரு தடவை காலாவதிக்கு மூன்றே நாள் இருந்த பாக்கெட் வந்தது. தேதியைப் பார்த்து வாங்குங்கள், டீச்சரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

மாவு சாப்பிடுகிறோமே, மாத்திரை எதற்கு என்று நினைக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும், பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். மூன்றாம் மாதம் கைக்கு வருகிற மாவால் அதை ஈடுகட்ட முடியாது. அப்புறம் இரும்பு. பிறந்து முதல் சில மாதங்களுக்குத் தேவையான இரும்பை, குழந்தை கடைசி மூன்று மாதத்தில்தான் நம்மிடமிருந்து எடுத்து ஈரலில் சேர்த்து வைக்கிறது. நம்மிடமே இல்லாவிட்டால் அது எங்கே போகும்?

எனக்கு நான்காம் மாதம் ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு போட்டுக்கொண்டிருந்தேன், நர்ஸம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். டீ, காபி, பால் எதனோடும் கூடாது, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு போட ஆரம்பித்தேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். எட்டாம் மாதக் கடைசியில் 11.1 வந்தது.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று தட்டை நிரப்புகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நான்காம் மாதத்திலிருந்து, கர்ப்பத்துக்கு முன்னால் தேவைப்பட்டதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு சுமார் 350 கலோரி, அவ்வளவுதான். சோற்றைக் கூட்டுவதைவிட ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பயறும் கூட்டினால் நல்லது.

சர்க்கரை இல்லாதவர்கள், முக்கியமாக எடை குறைவாக இருக்கிறவர்கள், இந்த மாவைத் தாராளமாக வாங்கலாம். டப்பா பவுடருக்குக் கொடுக்கிற காசில் தினமும் முட்டை வாங்கிவிடலாம். பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை இறங்கிவிட்டது என்று சோதனையில் தெரிந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு மறுபடி வாங்கத் தொடங்கியிருக்கிறேன், பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் தருகிறார்கள். நேற்றுகூட எட்டு உருண்டை பிடித்தேன், மூத்தவள் நான்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.