ரிவால்வர் பிடியை மாற்றக் கொடுக்கும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் அப்பா, தாத்தா காலத்துப் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பாரிமுனைப் பக்கம் ஓர் ஆயுதக் கடையில் நான் ஏமாந்த கதை இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

அப்பா பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தீபாவளி நெருங்கும் நாட்களில் ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லாப் பணத்தோடு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வருவார். அதற்காக 1979-இல் லைசென்ஸ் எடுத்து வாங்கியதுதான் இந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .32. ஆறு தோட்டா போகும் சின்ன ரிவால்வர். ஒருநாள்கூட அவர் அதை யாரிடமும் நீட்டியதில்லை. அப்பா போன பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு வந்தது.

வயதான காலத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்குகிறது என்று அப்பா அதன் பிடியின் இரு பக்கமும் இருந்த வால்நட் மரப் பலகைகளைக் கழற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்துவிட்டு, ரப்பர் பிடி மாட்டியிருந்தார். 2024 மக்களவைத் தேர்தலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களைப் போலத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஜூனில் திரும்ப வாங்கியபோது பார்த்தால் ரப்பர் பிசுபிசுவென்று இளகிப்போயிருந்தது. தொட்ட விரல் கறுப்பானது. வருஷக்கணக்கில் எண்ணெயும் வியர்வையும் குடித்த ரப்பர் அப்படித்தான் ஆகும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரைட்டர் இன்னொன்றும் சொன்னார்: "அடியில இருக்கிற நம்பரை ரப்பர் மூடிடுது சார், அடுத்த தடவை தெரியுற மாதிரி கொண்டாங்க." சரி, அப்பாவின் மரப் பிடியையே திரும்ப மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தோட்டாக்களை வீட்டில் பூட்டிவிட்டு, சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, லைசென்ஸ் புத்தகம், ஹார்லிக்ஸ் பாட்டில் சகிதம் கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "ரெண்டு நாள் ஆகும், வச்சுட்டுப் போங்க சார்." அங்கேதான் தப்பு செய்தேன். ஒரே ஒரு ஸ்குரூ வேலைக்கு இரண்டு நாள் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் போனால் புது ரப்பர் பிடி மாட்டி வைத்திருக்கிறார். மரம் வளைந்துவிட்டதாம், உட்காரவில்லையாம். அடிப்பக்கம் திறந்த மாடல், அமெரிக்கச் சரக்கு என்றார். ரப்பருக்கு 3,800, சர்வீஸுக்கு 1,200. மரப் பலகைகளை ஒரு பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ரசீதில் "சர்வீஸ் 5,000" என்று ஒரே வரி.

வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்தேன். பிடி ஆடுகிறது. புளியந்தோப்பில் இருக்கும், போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக (துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவர்) இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை வரச் சொன்னேன். அவர் ரிவால்வரைக் கையில் வாங்கவே இல்லை. "லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு, நீயே கழட்டுப்பா, நான் சொல்றேன்" என்றார். முதலில் அவர் காட்டியது ஸ்குரூவின் தலையை. நடுக்கோடு பிய்ந்து, ஓரம் மடங்கியிருந்தது. வீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், திருகினால் எகிறும். கோட்டின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் சரியாக உட்காரும் தட்டையான நுனிதான் வேண்டும் என்றார். ஸ்குரூ வந்ததும் ரப்பரை மேலிருந்து நெம்பாமல், முன்பக்கத் தையல் ஓரத்தில் ஐஸ் குச்சியை விட்டுப் பிரிக்கச் சொன்னார்.

பிரித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பிடிக்குள் இருக்கும் இரும்பின் பின்முதுகு முழுக்கக் காவி நிறத்தில் துரு. கடற்காற்று அடிக்கிற ஊரில் ரப்பருக்கு அடியில் ஈரம் தங்கி இப்படிப் பிடிக்குமாம். அதைத் துடைக்கக்கூட இல்லை, அதன் மேலேயே புது ரப்பரைப் போர்த்திவிட்டு சர்வீஸ் என்று காசு வாங்கியிருக்கிறார்கள். கத்தியால் நெம்பிய கீறல் மூன்று இடத்தில் நீலப் பூச்சை உரித்திருந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, பிடியின் அடிமுனையில் குறுக்காக நிற்கும் சின்ன ஆணி. பலகைகள் ஸ்குரூவைச் சுற்றித் திரும்பாமல் பிடித்து வைப்பதே அதுதான். அவர்கள் மாட்டிய ரப்பரில் அதற்குத் துளை இல்லை என்பதற்காக ஆணியை இரண்டு பக்கமும் அரத்தால் ராவிவிட்டார்கள்.

அப்புறம் பேப்பரைப் பிரித்து மரப் பலகைகளைப் பார்த்தேன். ஸ்குரூ துளையைச் சுற்றி டைமண்ட் வடிவம், மேலே வட்டமான கம்பெனி வில்லை, எல்லாம் இருந்தது. வலது பலகையைத் திருப்பினால் உள்பக்கம் வெறும் மரம். அந்தக் கம்பெனி அக்காலத்தில் துப்பாக்கியின் எண்ணையே வலது பலகையின் உள்பக்கம் குறித்து அனுப்பும். எங்களுடையதில் பென்சிலில் இருந்தது. சின்ன வயதில் அப்பா திருப்பிக் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேறு எதன் பலகையையோ என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கியை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது என்பதால், இந்தப் பழைய பாகங்களுக்கு என்ன மவுசு என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "நீங்க குடுத்ததைத்தான் குடுத்தோம்" என்று ஒரே பேச்சு. என்னிடம் ஒரு படம்கூட இல்லை. வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்; ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டி வந்தால், கொடுக்கும் முன் பிடியின் இரண்டு பக்கமும், உள்பக்கமும், ஸ்குரூ தலையும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும், கூடக் கொடுத்த பாகங்களும் எழுதி வாங்குங்கள். ஆயுதச் சட்டம் 1959, 5-ஆம் பிரிவில் விற்பனைக்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்று இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தில் அது இருக்கிறதா என்று நின்று படியுங்கள். லேத் பட்டறைக்கெல்லாம் கொண்டுபோகவே போகாதீர்கள். பிடி மாற்றும் வேலை மட்டும்தான் என்றால், உங்கள் கண் முன்னால் பத்து நிமிடத்தில் செய்யச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கேயாவது இந்த வகை .32-க்கான வால்நட் பலகைகள் விற்பனைக்கு வந்தால், வலது பலகையைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 417 என்றிருந்தால் அது என் அப்பாவுடையது. எனக்குச் சொல்லுங்கள்.