தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: முதலாளி இல்லாத கடை

திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ரோட்டைத் தாண்டினால், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செங்கல் நிறத்தில் ஒரு சுருள் கட்டடம் நிற்கும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவிலிலிருந்து வேலை விஷயமாக வரும்போதெல்லாம் என் காலை டிபன் இங்கேதான்.

கட்டடம் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே படி ஏறி மாடிக்குப் போகிற வேலையே இல்லை. ஒரே சரிவு, சுற்றிச் சுற்றி மேலே ஏறும். வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் பெஞ்சும். சுவரில் விட்ட சின்னச் சின்னத் திறப்புகள் வழியே காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும்.

கட்லெட்டைக் கட்டாயம் சாப்பிடுங்கள். மேல் தோல் மொறுமொறுப்பு. பிட்டால் உள்ளே பீட்ரூட்டின் சிவப்பு. கூட வெங்காயமும் சாஸும். மசாலா தோசையிலும் அதே பீட்ரூட்தான். காபியில் கும்பகோணம் டிகிரி காபியைத் தேடாதீர்கள், இதன் ருசி வேறு. எனக்குப் பிடிக்கும்.

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இங்கே இழுப்பது பரிமாறுகிறவர்கள். வெள்ளைச் சீருடை, விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை. போன முறை ஒரு பெரிய குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்தது, நடுவில் ஒரு பாட்டி. அந்தப் பக்கத்து மேஜைகள் பொறுப்பில் இல்லாத ஒரு பரிமாறுபவர்தான் முதலில் பார்த்தார். கையிலிருந்த தட்டை இறக்கிவைத்துவிட்டு, கீழ்ச் சுற்றில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களிடம் பேசி இடம் வாங்கினார். அதற்குள் இன்னொருவர் பெட்டிகளைப் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டார், மூன்றாமவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் யாரையும் ஏவவில்லை. கல்லாவில் இருந்தவர் பில் கணக்கிலிருந்து நிமிரக்கூட இல்லை. நிமிர வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் ஆரம்பித்த காபி ஹவுஸ்கள் பிறகு அரசின் காபி வாரியமான காபி போர்டின் கையில் இருந்தன. 1950களில் போர்டு அவற்றை மூட முடிவெடுத்தது, தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் (ஏ.கே.ஜி.), கூட்டுறவுச் சங்கம் அமைத்து நீங்களே கடையை நடத்துங்கள் என்று வழி சொன்னார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் வந்தது. 1958இல் திருச்சூரில் கடை திறந்தார்கள்.

ஏ.கே.ஜி.யின் பெயர் நிலைத்தது நியாயம்தான். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை காபி ஆற்றிக் கொடுத்தவர்கள், தட்டுக் கழுவியவர்கள். முதல் போட்டு, வாடகை பேசி, கணக்கு எழுதி, நஷ்டம் வந்தால் தாங்கி... இத்தனையும் தங்களால் ஆகும் என்று அவர்கள் இறங்கியிருக்காவிட்டால் அது ஒரு நல்ல பேச்சாக மட்டும் முடிந்திருக்கும். கைதட்டிவிட்டு ஊருக்குப் போவதுதான் சுலபம். அவர்கள் அதைச் செய்யவில்லை.

வாயை மூடிக்கொண்டு பின்னால் போகிறவர்களும் இல்லை இவர்கள். சங்கத்தை நடத்தும் நிர்வாகக் குழுவை உறுப்பினர்களான தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். அதே ஆட்கள் மறுநாள் காலையில் அந்தக் குழு போட்ட விதிப்படி தட்டு ஏந்துகிறார்கள். கேள்வி கேட்கிற உரிமையும் சொன்னதைச் செய்கிற ஒழுங்கும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். இருந்தால் மேலே இருப்பவரின் பாரம் பாதி குறைந்துவிடும்.

மருந்து விநியோகத்தில் ஒரு குழுவை நடத்துவது என் வேலை. எங்கள் துறையில் தலைமைப் பண்புப் பயிற்சி என்று ஹோட்டல் ஹாலில் நாள் முழுக்க நடத்துவார்கள். முன்னால் நிற்பவர் எப்படிப் பேச வேண்டும், எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதே பேச்சு. பின்னால் நிற்பவர் எப்போது கேட்காமலே இறங்கி வேலை செய்ய வேண்டும், எப்போது ‘இது சரிவராது சார்’ என்று சொல்ல வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் கீழ்ச் சுற்றிலேயே இடம் கேளுங்கள், பார்த்துக் கொடுப்பார்கள். மற்றவர்கள் தாராளமாக மேலே ஏறுங்கள். அங்கே கூட்டம் குறைவு, காற்றும் நன்றாக வரும்.