காட்சிக்கூடத்தில் பரிசோதனை இசையும் வீடியோவும்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பரிசோதனை இசையையும் வீடியோவையும் ஒரே நிறுவலாக (காட்சிக்கூடத்தில் அமைத்து வைக்கும் படைப்பாக) இணைக்கப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் அமைப்பு எளிமையானது: ஒலி, படம் இரண்டையும் இயக்கும் நிரல்களை அமைக்க உதவும் மேக்ஸ் மென்பொருளும் அதன் வீடியோப் பகுதியான ஜிட்டரும் ஓடும் ஒரு கணினி, கணினியின் ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் பல தட ஆடியோ இன்டர்ஃபேஸ், நான்கு ஸ்பீக்கர்கள், ஒரு லேசர் புரொஜெக்டர். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு எந்த அமைப்பும் தாங்கும். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரக்கணக்கில், பக்கத்தில் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்னும்போதுதான் எது நிற்கும், எது நிற்காது என்பது தெரியவரும்.

முதலில் ஒத்திசைவு. படத்துக்கு ஒரு பிளேயர், ஒலிக்கு இன்னொரு பிளேயர் என்று பிரித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இரண்டின் உட்கடிகாரங்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலே மணிக்கு 0.18 வினாடி விலகும். எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை வினாடி. ஒளிபரப்புத் துறைக்கான ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 மில்லிவினாடி பிந்தினாலோ பார்ப்பவருக்குப் புலப்பட்டுவிடும். அதாவது, காலையில் சரியாகத் தொடங்கிய படைப்பு முதல் மணி நேரத்துக்குள்ளேயே பிசகிவிடுகிறது. எனவே இரண்டையும் ஒரே கணினியிலிருந்து, ஒலியின் கடிகாரத்தைத் தலைமையாக வைத்து இயக்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒலியில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் காது கண்டுகொள்ளும், படத்தில் ஒரு ஃப்ரேம் தவறினால் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை.

அதன் பிறகும் புரொஜெக்டரின் தாமதம் எஞ்சும். சாய்வாக விழும் படத்தை நேராக்கும் சாய்வுத் திருத்தம் போன்ற உட்செயல்கள் மூன்று நான்கு ஃப்ரேம்களை விழுங்கினால், வினாடிக்கு 60 ஃப்ரேம் வேகத்தில் அது 50 முதல் 67 மில்லிவினாடி ஆகிறது. இதை அளக்க, திரை வெண்மையாக மின்னும் அதே கணத்தில் ஒரு ‘டக்’ ஒலி எழுப்பும் சிறு பேட்ச் (மேக்ஸ் நிரல்) ஒன்றை எழுதி, செல்பேசியின் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் பதிவுசெய்து, மின்னலுக்கும் ஒலி அலையின் முதல் மேட்டுக்கும் இடையே உள்ள ஃப்ரேம்களை எண்ணுகிறேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மில்லிவினாடி. அந்த அளவுக்கு ஒலியைத் தாமதப்படுத்தினால் போதும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுப்பதால், இந்த அளவீட்டைப் பார்வையாளர்கள் நிற்கும் இடத்திலிருந்து செய்ய வேண்டுமே தவிர, கணினி மேசையிலிருந்து அல்ல.

இத்தனை துல்லியமும் படைப்பு முழுவதற்கும் தேவையா என்றால், தேவையில்லை. ஒலி உயர்ந்தால் ஒளி பெருகும் என்ற நேரடி இணைப்பைப் பார்வையாளர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அது புதிதும் அல்ல. 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், வீடியோக் கலையின் முன்னோடியான ‘நாம் ஜுன் பைக்’ என்ற கொரியக் கலைஞர் நடத்திய கண்காட்சியிலேயே, வானொலியின் ஒலியளவுக்கேற்பத் திரையின் ஒளிப்புள்ளி பெரிதாகும் தொலைக்காட்சி இருந்தது. நான் இப்போது ஓரிரு தருணங்களை மட்டும் இறுக்கமாகப் பூட்டிவிட்டு, மற்ற இடங்களில் ஒலியின் போக்கு அரை நிமிடம் கழித்தே படத்தில் தெரியும்படி விடுகிறேன். படம் 7 நிமிடச் சுழற்சி, ஒலி 11 நிமிடச் சுழற்சி என்று அமைத்தால், அதே சேர்க்கை 77 நிமிடம் கழித்தே திரும்பி வரும். நடுவில் நுழைபவருக்கு எதையோ தவறவிட்ட உணர்வும் ஏற்படுவதில்லை.

நீண்ட மௌனங்கள் கொண்ட இசைக்கு புரொஜெக்டரின் விசிறியே பெரும் எதிரி. ஒலியில் உள்ள அதிர்வெண்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் விசிறியின் சுருதியைக் கண்டறிந்து, படைப்பின் ரீங்காரத்தை அதனோடு சேர்த்துவிடுவது ஓரளவு உதவுகிறது. ஆனால் அறை சூடேறினால் விசிறியின் வேகம் மாறி, சுருதி விலகிவிடும். விளக்கின் ஆயுளைப் பொறுத்தவரை லேசரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய விளக்கு வகை 2,000 முதல் 4,000 மணி நேரத்தில் மங்கிவிட, லேசரில் வெளிச்சம் பாதியாகக் குறையவே 20,000 மணி நேரம் என்று குறிப்பிடுகிறார்கள். இருந்தும், எந்த புரொஜெக்டரும் முழுக் கருமையைத் தருவதில்லை. இருண்ட காட்சியிலும் சுவரில் ஒரு சாம்பல் நிறச் செவ்வகம் தெரியும்.

அறையும் ஒரு கருவிதான், அதுவும் அடங்காத கருவி. ஆறு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் வெற்றுச் சுவர்கள் 29 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் மடங்குகளிலும் முழங்கும். கனமான திரைச்சீலைகள் உயர்சுருதி ஒலியை உறிஞ்சுமே ஒழிய, தாழ்சுருதி (பேஸ்) ஒலி அவற்றைப் பொருட்படுத்தாமல் அடுத்த அறைக்குப் போய், அங்குள்ள கலைஞரின் பொறுமையைச் சோதிக்கும். நான் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை ஸ்பீக்கரில் வெட்டிவிட்டு, பார்வையாளர் இருக்கையின் அடியில் ஓர் அதிர்வூட்டியைப் பொருத்துகிறேன். உடலுக்கு அதிர்வு கிடைத்துவிடுகிறது, புகாரும் வருவதில்லை.

அன்றாட இயக்கத்தில் அதிகம் தொல்லை தருவது கணினியிலிருந்து புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு. புரொஜெக்டருக்கு முன் கணினி விழித்துக்கொண்டால், திரை அளவைத் தவறாக எடுத்துக்கொண்டு படம் கோணலாகிவிடும். திரை விவரங்களை நிலையாகக் காட்டும் சிறிய இ.டி.ஐ.டி. எமுலேட்டரை இடையில் செருகினால் இது தீர்ந்துவிடும். தானியங்கிப் புதுப்பிப்புகளை நிறுத்திவைப்பதும் கட்டாயம்.

இதே அமைப்பைப் புதிதாக வாங்குவதானால், ஒளித்திறனைச் சற்றுக் குறைத்துக்கொண்டாவது வில்லை மாற்றக்கூடிய புரொஜெக்டரையே எடுப்பேன். நெடுந்தூர வில்லை இருந்தால் அதைப் பக்கத்து அறையில் வைத்து, திரையரங்குகளில் செய்வதுபோலக் கண்ணாடி பதித்த துளை வழியே படத்தை வீழ்த்தலாம். விசிறி அங்கேயே சத்தமிட்டுக்கொண்டிருக்கட்டும்.