வெளிநாட்டில் அறிவுசார் சொத்துச் சட்டம் படிக்க ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் சட்டம் முடித்துவிட்டு எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஒரு கன்சல்டன்சியிடம் 97,000 ரூபாயை இழந்திருக்கிறேன். அம்மாவின் நகையை அடகு வைத்த பணம்.

காப்புரிமை, வர்த்தகக் குறி போன்ற உரிமைகளைப் பற்றியது அறிவுசார் சொத்துச் சட்டம். அதன் மேல் ஆசை வந்ததே அம்மாவால்தான். கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்களில் அவரும் ஒருவர். அந்தப் பாசியைப் பிழிந்து திரவ உரம் எடுக்கும் முறைக்கு, மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய அரசின் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்பது சட்டக் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தபோது, படித்தால் இதைத்தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் கேட்டது ஜெர்மனியின் மியூனிக்கில் உள்ள அறிவுசார் சொத்துச் சட்ட மையம். "அதுக்கு ஜெர்மன் தெரியணும்மா, உங்களுக்குக் கிடைக்காது" என்றார் கன்சல்டன்சிக்காரர். பொய். அங்கே எல்.எல்.எம். முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அன்று அவர் சொன்னதை நான் சரிபார்க்காமல் விட்டேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தைக் காட்டி, "ஐ.பி. ஸ்பெஷலைசேஷன்", அதாவது அறிவுசார் சொத்தில் சிறப்புப் படிப்பு, என்று சொல்லி 85,000 வாங்கினார். ரசீது இல்லை, அவருடைய சொந்த எண்ணுக்கு ஜி-பே. மார்க் ஷீட் ஒரிஜினல்களையும் கொடுத்தேன். விண்ணப்பத்துக்கு அவரே ஒரு ஈமெயில் திறந்தார். பாஸ்வேர்ட் அவரிடம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் வாசித்துப் பார்த்தால், அது பொது எல்.எல்.எம். அறிவுசார் சொத்து என்று ஒரே ஒரு விருப்பப் பாடம், அதுவும் அந்த ஆண்டு நடந்தால்தான் உண்டு. கேட்டால், "அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார். இங்கிலாந்தின் மாணவர் விசா குறிப்பிட்ட ஒரு படிப்புக்கென்று தரப்படுவது. போன பிறகு நினைத்தபடி மாற்றிக்கொள்ள முடியாது. அங்குள்ள பல கல்லூரிகள் ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. நமக்கு எது நல்லது என்று பார்த்து அவர் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் நம்பியது தப்பு.

அப்புறம் செவனிங் உதவித்தொகைக்கு "ஃபைல் போட" என்று 12,000. அது பிரிட்டன் அரசு தருவது, விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. தவிர, குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், காட்ட வேண்டும். நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். கிடைக்காது என்று தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார்.

எனக்கு மிகவும் வலித்தது இன்னொரு பொய். படித்து முடித்ததும் ஐரோப்பாவில் பேட்டன்ட் அட்டர்னி, அதாவது காப்புரிமை வழக்கறிஞர், ஆகலாம் என்றார். நான் பி.ஏ., பி.எல். அந்த வேலைக்கான ஐரோப்பியத் தகுதித் தேர்வுக்கு அறிவியல் அல்லது தொழில்நுட்பப் படிப்பு வேண்டும், பயிற்சியும் வேண்டும். இந்தியாவில் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வுக்கும் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கேட்கிறார்கள். கலைப் பிரிவில் வந்தவர்களுக்கு வர்த்தகக் குறி, பதிப்புரிமை, புவிசார் குறியீடு என்று நல்ல வழிகள் இருக்கின்றன. அதைச் சொல்லியிருந்தாலே நான் சந்தோஷமாகப் படித்திருப்பேன்.

விசா நேரத்தில்தான் விழித்துக்கொண்டோம். கட்டண பாக்கியும் தங்கும் செலவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். "ஸ்டேட்மென்ட் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்றார். அப்பா போனை வாங்கி, "இல்லாத காசை இருக்குன்னு எப்படிங்க காட்டுறது?" என்று கேட்டார். மறுமுனையில் பதில் இல்லை. போலி ஆவணம் என்று தெரிந்தால் 10 வருடம் வரை அந்த நாட்டு விசா கிடைக்காது. அப்பாவின் அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது.

வேண்டாம் என்று சொன்னதும் ஒரிஜினல்களைத் தர மறுத்தார். தாய்மாமாவோடு போய் அவர் மேசை முன்னால் மாலை வரை உட்கார்ந்து வாங்கிவந்தேன். பணம் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஜி-பே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் குரல் பதிவுகள் எதையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு இப்போது அவைதான் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் பேசலாம்.

ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் அறிமுகப் படிப்பு டி.எல்.-101 இலவசம். இப்போது இரவில் அதைத்தான் படிக்கிறேன். ஜெர்மனிக்கு இந்திய மாணவர்கள் 2022 நவம்பரிலிருந்து, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இந்த முறை என் சொந்த ஈமெயிலில் நானே நிரப்புகிறேன்.

அந்தப் பழைய ஈமெயிலின் பாஸ்வேர்ட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அதிலிருந்து என் பெயரில் வேறெதுவும் அனுப்பினால் ஏற்க வேண்டாம் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு நேற்று எழுதிவிட்டேன். அதே நிலையில் இருப்பவர்கள் இன்றே எழுதுங்கள்.