டெயில் லைட்டை வீட்டிலேயே மாற்றுவது: பல்பா, எல்இடி பல்பா, ரெடிமேட் செட்டா, சொந்த போர்டா?

கயத்தாறிலிருந்து பணகுடி வரை நாற்கரச் சாலையில் இரவில் பைக் ஓட்டுகிற எவருக்கும் ஹெட்லைட்டின் அருமை தெரியும். டெயில் லைட்டின் அருமை பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். அதை மாற்ற ஆசைப்படுகிற தம்பிமாரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த விளக்கை ஓட்டும்போது நீங்கள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் லாரிக்காரர் பார்க்கிறார். அவருக்கு இரண்டு செய்தி போய்ச் சேர வேண்டும். முன்னால் ஒரு வண்டி போகிறது என்பது ஒன்று, அது இப்போது வேகம் குறைக்கிறது என்பது இன்னொன்று.

அதனால் இந்த ஒப்பீட்டுக்கு என்னிடம் இருக்கும் முதல் அளவுகோல், டெயில் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்து சட்டென்று தெரிகிறதா என்பதுதான். விலையும் அழகும் அதற்கு அப்புறம்.

கம்பெனியிலிருந்து வரும் பழைய ஏற்பாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். பைக்குகள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை. 5 வாட் இழை டெயிலுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக பல்பின் இரண்டு பின்னும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். வாட் கணக்கில் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் பிரேக் பிடித்தது தெளிவாகத் தெரிகிறது. வேறு எதைப் போட்டாலும் இந்த நாலு மடங்குக்குக் கீழே இறங்கக் கூடாது.

‘டெயில் லைட் மங்கலாக இருக்கிறது, எல்இடி போடணும்’ என்று வருகிற வண்டிகளில் பல, ஐம்பது ரூபாய்க்குள் சரியாகிவிடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சேர்ந்து மிக வேகமாக விழும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். ஹோல்டரில் துரு, தளர்ந்த எர்த் ஒயர், ஸ்பிரிங் அமுங்கிப்போன முனை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அந்தப் பத்து சதவீதம் போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் மூழ்கிய வண்டியை இன்னும் ஓட்டுகிறவர்கள் ஒருமுறை ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், பித்தளை பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கி, உள்ளே படிந்த தூசியைத் துடைத்து, புது பல்பு போட்டால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். கழற்றியதும் பழைய பல்பையும் பாருங்கள். கண்ணாடி கறுத்திருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது.

இழை பல்புக்கு இரண்டு குறை உண்டு. குலுங்கல் தாங்காது, கிராமத்து ரோட்டில் ஓடும் வண்டியில் சீக்கிரம் இழை அறுந்துவிடும். அதைவிடப் பெரியது, பிரேக் பிடித்தவுடன் இழை சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அதற்குள் நாலரை மீட்டர் அளவுக்கு ஓடிவிடுகிறது. எல்இடி அந்தத் தாமதம் இல்லாமல் உடனே எரியும். எல்இடிக்கு மாறுவதற்கு என் கணக்கில் இதுதான் உண்மையான காரணம்.

சரி, எல்இடி பல்பு. அதே ஹோல்டரில் அப்படியே பொருந்தும், கழற்றிப் போட ஐந்து நிமிடம் போதும், கரண்டும் மிகக் குறைவாக இழுக்கும். வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் வெள்ளையைத்தான் எடுத்துத் தருவார்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வீணாகிறது. வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் நீலமும் மஞ்சளும்தான் அதிகம், சிவப்பின் பங்கு குறைவு. கண்ணாடி சிவப்பை மட்டும் விட்டு மற்றதைத் தடுத்துவிடுவதால் வெளியே வருவது மங்கிய இளஞ்சிவப்பு. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடியே சரி.

ஆனால் சிவப்பு பல்பைப் போட்டவுடன் இன்னொரு இடத்தில் இடிக்கும். பல வண்டிகளில் டெயில் லைட்டின் அடியில் நம்பர் பிளேட்டுக்காக ஒரு வெள்ளை ஜன்னல் இருக்கும். ஒரே பல்புதான் பின்னாலும் காட்டுகிறது, நம்பரையும் காட்டுகிறது. சிவப்பு பல்பு போட்டால் நம்பர் பிளேட் சிவப்பாகிவிடும். மத்திய மோட்டார் வாகன விதி 105 பின் விளக்கு சிவப்பாக, 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது. நம்பர் பிளேட்டின் மேல் விழும் வெளிச்சம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரே எல்இடி பல்பில் சரிக்கட்ட வேண்டுமானால், முகத்தில் சிவப்பும் அடியில் வெள்ளையும் வைத்து வருகிற பல்பைத் தேடி வாங்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் மலிவான எல்இடி பல்புகளில். டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இருக்காது. எப்போதும் பளிச்சென்று எரியும். வாங்கியவருக்குச் சந்தோஷமாக இருக்கும், பின்னால் வருபவருக்கோ பிரேக் பிடித்ததே தெரியாது. என் அளவுகோலில் இந்தப் பல்பு பழைய 21/5-ஐவிட மோசம்.

பழைய வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் ஹெட்லைட் தானாக எரியும் விதி வருவதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் டெயிலுக்கும் மேக்னட்டிலிருந்து (இன்ஜின் சுழலும்போது கரண்ட் தரும் பாகம்) நேரடியாக ஏசி கரண்ட் போகும். பிரேக் லைட்டுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து டிசி. அந்த டெயில் ஒயரில் எல்இடி போட்டால் படபடவென்று துடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

ரெடிமேட் செட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாடலுக்கே கம்பெனி எல்இடி டெயில் லைட் தந்திருந்தால், அல்லது அதே வண்டியின் புதிய வகையில் வந்திருந்து கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பொருந்தினால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வாங்கி மாட்டுங்கள். வெளியார் தயாரிக்கும் செட்டில் இண்டிகேட்டரையும் டெயிலுக்குள்ளேயே சேர்த்து விற்கிறார்கள். பிரேக் எரியும்போது பக்கத்திலேயே துடிக்கும் ஆம்பர் வெளிச்சம் அதில் அமுங்கிவிடுகிறது. ரவுண்டானாவில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியாமல் போகும். தனி இண்டிகேட்டரைக் கழற்றாமல் வைத்துக்கொள்வதே நல்லது. எல்இடி இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர் ரிலே கன்னாபின்னாவென்று வேகமாகத் துடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்பதுதான் சரியான அளவு. அதற்கு எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்கி மாட்டினால் முடிந்தது.

எனக்குப் பிடித்தது நாலாவது வழி. பழைய கண்ணாடியையும் கூட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பல்பு இருந்த இடத்தில் சொந்தமாக ஒரு எல்இடி போர்டு. வெளியே பார்த்தால் வண்டி மாறியதே தெரியாது. கம்பெனி வைத்த சிவப்பு ரிஃப்ளெக்டர் அப்படியே இருக்கும். வண்டியின் பதிவு விவரத்தோடு முரண்படும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு தடுக்கிறது. கூட்டையே அறுத்துத் தூக்குகிற வேலையைவிட இது அந்த விஷயத்திலும் நிம்மதியானது.

கணக்கு இவ்வளவுதான். சிவப்பு எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ட். நாலு எல்இடியை வரிசையாகக் கோத்தால் 8 வோல்ட். சார்ஜ் ஆகும்போது வண்டியில் 14 வோல்ட் வரை இருக்கும், டயோடில் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) 0.7 போகும், மீதி 5.3 வோல்ட். பிரேக் ஒயரிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக வந்தால் 16 மில்லி ஆம்பியர். டெயில் ஒயரிலிருந்து 1.2 கிலோ ஓம் வழியாக வந்தால் 4.4 மில்லி ஆம்பியர். இரண்டும் சேரும்போது 20-ஐ ஒட்டி நிற்கும், சாதாரண எல்இடி அதைத் தாங்கும். நாலு மடங்கைத் தாண்டிய வித்தியாசமும் கிடைத்துவிட்டது. இப்படி ஆறு வரிசை போட்டால் 24 எல்இடி. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைப்பது கட்டாயம். டெயில் ஒயருக்கு ஒன்று, பிரேக் ஒயருக்கு ஒன்று என்று 1N4007 டயோடு இரண்டு வைத்தால் ஒன்றின் கரண்ட் மற்றதற்குள் போகாது. டெயில் ஏசியாக இருந்தால் அந்த டயோடை அடுத்து எர்த்துக்கு 25 வோல்ட், 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று வைத்தால் துடிப்பு அடங்கும். அடியில் நம்பர் பிளேட் ஜன்னலை நோக்கி இரண்டு வெள்ளை எல்இடி. வெள்ளை ஒன்றுக்கு 3 வோல்ட் அளவு என்பதால் அந்த வரிசைக்கு ரெசிஸ்டர் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

எல்இடி வாங்கும்போது கூர்மையான ஒளிக்கற்றை விடுகிற குண்டுமணி வகையைத் தவிருங்கள். நேர் பின்னால் நின்றால் கண் கூசும், நாலடி தள்ளி நின்றால் மங்கிவிடும். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார், பக்கத்துச் சந்திலிருந்து வருபவர் சாய்ந்து பார்க்கிறார். அகலக் கோணமுள்ள, நாலு கால் சதுர எல்இடியே நல்லது.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். குற்றாலம் சீசனில் ஆலங்குளம் தாண்டிய பின் அடிக்கிற சாரல் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பின் டயர் வாரியடிக்கும் தண்ணீரும் சேர்ந்தே வரும். போர்டின் மேல் சிலிக்கான் பூசுவது நல்ல யோசனைதான். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைப் பூசாதீர்கள். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் செம்பைத் தின்றுவிடும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்க வேண்டும். கூட்டின் அடியில் கம்பெனி விட்டிருக்கும் சின்னத் துளையையும் அடைக்கக் கூடாது, உள்ளே சேரும் ஈரம் வெளியேற அதுதான் வழி.

இந்த வழி எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. இரண்டு ஸ்குரூவில் கண்ணாடி கழறும் பழைய வண்டிகளுக்கு அருமையாக வரும். கண்ணாடியையும் கூட்டையும் ஒட்டியே செய்திருக்கும் புது வண்டிகளில் சூடுகாட்டிப் பிளக்க வேண்டியிருக்கும். வாரண்டி உள்ள வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

சீட்டுக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவது டெயில் லைட்டுக்கு மாற்று ஆகாது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை மூன்று எல்இடிக்கு ஒரு இடத்தில் வெட்டலாம் என்பதால் வேலை சுலபம். ஆனால் பின்பக்கப் பசை நம் ஊர் சித்திரை வெயிலுக்கு நிற்காது. கூடுதல் பிரேக் லைட்டாக, சிவப்பில், பிரேக் ஒயரில் மட்டும் கொடுத்தால் பயன் உண்டு. கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்மோக் ஸ்ப்ரே அடிப்பதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். உள்ளிருந்து வரும் வெளிச்சம் குறைகிறது, வண்டி நின்றுபோய் விளக்கே எரியாத நேரத்தில் அடுத்த வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் ரிஃப்ளெக்டரும் செத்துப்போகிறது. நாங்குநேரி பக்கம் இருட்டில் சாலையோரம் வண்டியை நிறுத்தியவருக்கு அந்த ரிஃப்ளெக்டர்தான் துணை. நீல விளக்கும் விட்டுவிட்டுத் துடிக்கும் பிரேக் மாடியூலும் வேண்டாம்.

சால்டரிங் கை பழகியவருக்குச் சொந்த போர்டு, பழகாதவருக்குக் கம்பெனி எல்இடி செட், அதுவும் இல்லையென்றால் சுத்தம் செய்த ஹோல்டரில் புது 21/5 பல்பு, இதுதான் என் வரிசை. மலிவான எல்இடி பல்பு கடைசியில்தான்.

எதைப் போட்டாலும் மாட்டி முடித்ததும் இருட்டிய பின் ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, நீங்கள் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். அவர் உங்களுக்குச் சொல்லாமல் பிரேக்கைத் தொடட்டும். அவர் தொட்ட நொடியில் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பின் பிரேக் ஸ்விட்சையும் பாருங்கள். மிதி பாதி தூரம் இறங்கிய பிறகுதான் பல வண்டிகளில் விளக்கு எரியும். ஸ்விட்சின் பிளாஸ்டிக் நட்டைத் திருகி ஸ்விட்சைக் கொஞ்சம் மேலே ஏற்றினால், கால் பட்டதுமே எரியும்படி வைத்துக்கொள்ளலாம். முன் பிரேக் லீவரைப் பிடித்தாலும் விளக்கு எரிகிறதா என்று அதே கையோடு பார்த்துவிடுங்கள்.