தண்டர்பேர்டா, அவுட்லுக்கா? ஒரு மெர்ச்சண்டைசரின் 16 வருஷக் கணக்கு

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் (துணி வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைக் கவனிப்பவர்) வேலை என்றால் பாதி நாள் துணியோடு, மீதி நாள் மெயிலோடு. லேப் டிப் (சாயம் போட்ட நிறச் சாம்பிள்) அப்ரூவல், ஸ்பெக் ஷீட் (அளவு விவரத் தாள்) திருத்தம், ஷிப்மென்ட் தேதி எல்லாம் மெயிலில்தான் முடிவாகும். போனில் பையர் ஆயிரம் சொல்லலாம். நாளைக்குத் தகராறு என்று வந்தால் மெயில் கையில் இருப்பவன்தான் பேச முடியும். அதனால் ஒரு மெயில் நிரல் அழகாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய மெயில் ஒன்றை, பையர் லைனில் காத்திருக்கும்போதே எடுத்துத் தருகிறதா? அந்த மெயில் என் கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறதா? இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியம்.

இரண்டாவது கேள்வி ஒரு நஷ்டத்திலிருந்து வந்தது. 2006-ல் வேலைக்குச் சேர்ந்தபோது என் மேசையில் எக்ஸ்பி மெஷின், அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அன்று சர்வரில் மெயிலுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். பாப் முறையில் மெயில் மெஷினுக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். 2009-ல் மெஷின் மந்தமாகி, ஃபார்மட் போட ஒரு தம்பி வந்தார். "எதையெல்லாம் எடுத்து வைக்கோணுங்ண்ணா?" என்று சரியாகத்தான் கேட்டார். நான்தான் மை டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் போதும் என்றேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயிலை வைத்திருந்ததோ, லோக்கல் செட்டிங்ஸ் என்ற மறைந்த ஃபோல்டருக்குள், நாலைந்து படி கீழே, நீளமான எழுத்துக் குவியலைப் பெயராகக் கொண்ட இன்னொரு ஃபோல்டரில். மூன்று வருஷ மெயில் போனது. அடுத்த சீசனில் கலர் தொடர்பாகப் பையரிடமிருந்து ஒரு டெபிட் நோட் (பணத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்ற சீட்டு) வந்தது. அப்ரூவல் கொடுத்தது அவர்கள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் காட்ட மெயில் இல்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

அதற்கப்புறம்தான் தண்டர்பேர்ட், மொசில்லாவின் இலவச மெயில் நிரல். 2009 டிசம்பரில் 3.0 பதிப்பு டேப் வசதியோடும் புதிய தேடல் வசதியோடும் வந்தது, அதிலிருந்து தொடங்கினேன். என்னைப் பிடித்து வைத்தது அது மெயிலைச் சேமிக்கும் விதம். எம்பாக்ஸ் என்ற பழைய முறை: ஒரு மெயில் ஃபோல்டருக்கு ஒரு கோப்பு, அதற்குள் மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறும் எழுத்தாக. நோட்பேடில் திறந்தாலே தேதி, அனுப்பியவர், பொருள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அட்டாச்மென்ட் மட்டும் புரியாத எழுத்து மூட்டையாக இருக்கும். இதுவும் இயல்பாக மறைந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது என்றாலும், அக்கவுன்ட் செட்டிங்ஸில் போய் டி டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றினேன். எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7, அங்கிருந்து 10, நடுவில் வீட்டில் ஒரு வருஷம் லினக்ஸ். ஒவ்வொரு முறையும் அந்த ஃபோல்டரைக் காப்பி எடுத்துப் புது இடத்தில் வைத்ததுதான் வேலை.

இந்த முறைக்கு ஒரு குணக்கேடு உண்டு. மெயிலை அழித்தாலும் அது கோப்புக்குள்ளேயே கிடக்கும். காம்பாக்ட் செய்தால்தான் இடம் குறையும். இதைத் தெரியாமல் பல பேர் எல்லாவற்றையும் இன்பாக்ஸிலேயே குவித்து, கோப்பைப் பல ஜிபிக்கு வளர்த்துவிடுகிறார்கள். பையருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் சீசனுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வைத்தால் தொந்தரவில்லை. யூபிஎஸ் இல்லாத மெஷினில் காம்பாக்ட் பக்கமே போகாதீர்கள், பாதியில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போகலாம். 2012 வாக்கில் இங்கே இருந்த மின்வெட்டுக் காலத்தில் நான் போட்டுக்கொண்ட விதி, இன்னும் மாற்றவில்லை.

அதே 2012-ல் மொசில்லா, தண்டர்பேர்டுக்குப் புது வசதிகள் சேர்ப்பது இனி முன்னுரிமை இல்லை என்று அறிவித்தது. எனக்குக் கொஞ்சம் பயம். அடுத்த வருஷம் எங்கள் கம்பெனியே எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் சர்வருக்குப் போக, மூன்று வருஷம் அவுட்லுக்கில் வாழ்ந்தேன். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: மெர்ச்சண்டைசர் வேலைக்கு அவுட்லுக் நன்றாகவே பொருந்துகிறது. 2007-லிருந்து அது மெயிலைக் காட்டுவதும் எழுதுவதும் வேர்டின் இயந்திரத்தில்தான். எக்ஸெல்லில் இருக்கும் சைஸ் சார்ட்டை அப்படியே ஒட்டினால் கோடு, நிறம் குலையாது. "எங்கள் பதில் கீழே நீல நிறத்தில்" என்று வரிக்கு வரி எழுதுவோமே, அதற்கு இதைவிடச் சுகமானது நான் பார்க்கவில்லை. தேடலும் பலமானது, ஸ்டைல் நம்பர் அட்டாச்மென்டில் இருக்கும் எக்ஸெல்லுக்குள் இருந்தாலும் பிடித்துக் கொடுக்கும். தண்டர்பேர்ட் அட்டாச்மென்டுக்குள் போய்த் தேடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் அவுட்லுக் மேல் ஏக்கம்தான்.

ஆனால் ஒரு கணக்கின் மொத்த மெயிலும் பிஎஸ்டி அல்லது ஓஎஸ்டி என்ற ஒரே கோப்பில். 2010 பதிப்பிலிருந்து 50 ஜிபி வரை போகலாம், சரி. அதைத் திறக்க அவுட்லுக்கோ தனிக் கருவியோ வேண்டும் என்பதுதான் எனக்கு உறுத்தியது. 2016-ல் செலவைப் பார்த்து முதலாளி எக்ஸ்சேஞ்சை விட்டபோது, திரும்பி வர நான் செய்தது இது: அவுட்லுக்கில் ஒரு ஐமேப் கணக்கைச் (மெயிலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் முறை) சேர்த்து, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அதற்குள் இழுத்துப் போட்டு, மறுமுனையில் தண்டர்பேர்டில் இறக்கிக்கொண்டேன். மூன்று ராத்திரி ஓடியது. ஒரு அட்டாச்மென்டும் தொலையவில்லை.

இப்போது விண்டோஸோடு வரும் புதிய அவுட்லுக் வேறு ஜாதி. விண்டோஸ் 10-ல் இருந்த எளிமையான மெயில் ஆப்புக்கு 2024 கடைசியோடு ஆதரவு நின்றதால் பலர் இதற்கு வந்துவிட்டார்கள். அடிப்படையில் இது வலைத்தளமாகவே இயங்கும் நிரல். ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கைச் சேர்த்தால் அந்த மெயிலின் நகல் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்குப் போய்த்தான் இங்கே வரும். சேர்க்கும்போது அதைச் சொல்லியும் விடுகிறது. வீட்டுக் கணக்குக்குப் பரவாயில்லை. வெளிவராத டிசைன்கள் இருக்கும் பையர் மெயிலை நான் அதில் போட மாட்டேன்.

தண்டர்பேர்ட் கதை நான் பயந்தபடி முடியவில்லை. 2020-ல் அதற்கென்றே தனி நிறுவனம் அமைத்தார்கள், நன்கொடையில் ஓடுகிறது. 2023-ல் வந்த 115 பதிப்பில் முகமே மாறியது. எனக்கு முதல் வாரம் எரிச்சல். மெயில்களைப் பழையபடி வரிப் பட்டியலாக மாற்றி, இடைவெளியைக் குறைத்த பிறகு மறந்துவிட்டேன். 2025 கடைசியில் வந்த 145 பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் மெயிலுக்கே நேரடி ஆதரவு வந்துவிட்டது. மெயில் மட்டும்தான், எக்ஸ்சேஞ்ச் காலண்டர் அதில் இல்லை. மீட்டிங் அழைப்புகளிலேயே வாழ்பவர்கள் அவுட்லுக்கில் இருப்பதுதான் நல்லது.

பழைய பதிப்பே போதும் என்று இருப்பவர்களுக்கு ஒன்று. 2022 மே 30-க்குப் பிறகு ஜிமெயில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கேட்டு உள்ளே விடுவதில்லை. கூகுள் பக்கத்திலேயே லாகின் செய்யும் புது முறையை (OAuth) நிரல் அறிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நிரலுக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். எங்கள் அக்கவுன்ட்ஸ் அண்ணன் தன் பழைய மெஷினை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

இப்போது என் மெயில் ஃபோல்டர் 41 ஜிபி. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டு ஆட்கள் கிளம்பியதும், தண்டர்பேர்டை மூடிவிட்டு (திறந்திருக்கும்போது காப்பி எடுக்காதீர்கள்) இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றுகிறேன். ஒன்று ஆபீஸ் பீரோவில், ஒன்று வீட்டில். அது ஓடி முடிவதற்குள் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், கூட்டமிருந்தால் இரண்டு.